ஒரே நேரத்தில் பிறக்க வேண்டும்: கரைசலில் தங்க நானோ படிகம் வளர்த்த பதிவு

நானோ துகள் என்றாலே பெரிய கருவி, பெரிய செலவு என்று மாணவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். உண்மையில் ஒரு ஹாட் பிளேட், சுத்தமான குடுவை, இரண்டே வேதிப்பொருள் இருந்தால் நானோ படிகம் பிறப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முதுகலை மாணவிகள் இருவருடன் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் சிட்ரேட் (சிட்ரிக் அமிலத்தின் உப்பு) முறையில் தங்க நானோ படிகங்கள் செய்தோம். முறை புதிதல்ல. 1951-இல் டர்கெவிச், ஸ்டீவன்சன், ஹில்லியர் மூவரும் சேர்ந்து வெளியிட்டது. தேடினால் நான்கு வரியில் கிடைக்கும்: தங்கக் கரைசலைக் கொதிக்க வை, சிட்ரேட் ஊற்று, கலக்கு, சிவப்பாகும். அந்த நான்கு வரிக்குப் பின்னால் உள்ள காரணங்களை யாரும் விரித்து எழுதுவதில்லை. அதனால் இந்தப் பதிவு.

காரணங்கள் பலவானாலும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் போய்ச் சேரும். துகள்கள் ஒரே அளவில் வர வேண்டுமானால், எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பிறந்துவிட வேண்டும். அதன் பிறகு புதிதாக எதுவும் பிறக்கக் கூடாது. பிறந்தவை மட்டும் வளர வேண்டும். கல்யாணப் பந்தியில் முதலில் உட்கார்ந்தவருக்கு எல்லாம் கிடைக்கும், கடைசிப் பந்திக்கு வந்தவருக்கு ரசம்கூட மிஞ்சாது. கரைசலிலும் அதேதான். முன்னால் பிறந்த துகள் பெருத்துவிடும், பின்னால் பிறந்தது சிறுத்தே நிற்கும். எல்லாரையும் ஒரே பந்தியில் உட்கார வைப்பதுதான் வேலை.

முதலில் கந்தகம்

தங்கம் விலை அதிகம். அதைத் தொடுவதற்கு முன் ஹைப்போவில் ஆரம்பித்தோம். சோடியம் தயோசல்பேட் கரைசலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் கந்தகம் பிரிந்து கரைசல் கலங்கும். தாளில் போட்ட பெருக்கல் குறி மறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பள்ளி ஆய்வகத்தில் பலரும் அளந்திருப்போம். அதே வினையை மிக மிக நீர்த்த நிலையில், கலந்த பிறகு இரண்டும் 2 மில்லிமோலார் (லிட்டருக்கு ஒரு மோலில் ஆயிரத்தில் இரண்டு பங்கு) அளவில் இருக்கும்படி வைத்துப் பார்த்தால் காட்சி வேறு. கந்தக டைஆக்சைடு வெளிவரும் என்பதால் இதையும் ஃபியூம் ஹூடுக்குள்தான் (வாயுவை வெளியே இழுக்கும் கூண்டு) வைத்தோம்.

ஊற்றியதும் ஒன்றும் ஆகாது. வெகுநேரத்துக்குக் கரைசல் தண்ணீராகவே தெரியும். வினை நடக்கவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. கந்தகம் உள்ளே உருவாகிக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் கரைந்த நிலையிலேயே சேர்கிறது. தெவிட்டும் அளவைத் தாண்டிய பிறகும் கரைந்தே நிற்கிறது. அப்புறம் ஒரு கட்டத்தில், இருட்டில் பக்கவாட்டில் டார்ச் அடித்தால் ஒளி போகும் பாதை மெல்லிய நீலமாகத் தெரியத் தொடங்கும். பிறகு வெண்மை கூடிக்கொண்டே வரும். இரவு முழுக்க அசையாமல் வைத்துவிட்டு மறுநாள் அதே டார்ச்சை அடித்து, குடுவையைச் சுற்றி வந்து வெவ்வேறு கோணங்களில் பார்த்தோம். ஒரு கோணத்தில் சிவப்பு, சற்று நகர்ந்தால் பச்சை, இன்னும் நகர்ந்தால் மறுபடி சிவப்பு. துகள்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருந்தால்தான் இந்த நிறங்கள் பிரிந்து தெரியும். அளவுகள் கலந்துகிடந்தால் நிறங்களும் கலந்து வெறும் வெண்மைதான் மிஞ்சும்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் விக்டர் லாமர் இந்தக் கந்தகக் கரைசலை வைத்துத்தான் தம் விளக்கத்தைக் கண்டடைந்தார். 1950-இல் டினெகருடன் சேர்ந்து வெளியிட்ட அந்தக் கட்டுரையின் வரைபடம் இன்றும் நானோ படிகம் பற்றிய எல்லா வகுப்பிலும் கரும்பலகைக்கு வருகிறது. கரைந்த பொருளின் செறிவு முதலில் ஏறும், ஒரு வரம்பைத் தாண்டியதும் கருக்கள், அதாவது துகள் வளரத் தொடங்கும் முதல் சின்னக் கட்டிகள், ஒரேயடியாகப் பிறக்கும், அவை பொருளை இழுத்துக்கொள்வதால் செறிவு வரம்புக்குக் கீழே இறங்கும், பிறப்பு நின்றுபோகும், அதன் பிறகு வளர்ச்சி மட்டும். இந்தக் கந்தகம் உண்மையில் படிகமல்ல, சின்னத் துளிகள். அளவும் நானோவைத் தாண்டி மைக்ரோமீட்டருக்குப் பக்கத்தில் போய்விடும். ஆனாலும் பிறப்பையும் வளர்ச்சியையும் காலத்தில் பிரித்துக் கண்முன் காட்ட இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

கரு ஏன் தயங்குகிறது

தெவிட்டிய பிறகும் கந்தகம் ஏன் உடனே பிரிவதில்லை? இந்தக் கேள்வியை மாணவிகளே கேட்டார்கள். சில அணுக்கள் சேர்ந்து ஒரு சின்னக் கட்டியாகும்போது இரண்டு கணக்குகள் நடக்கின்றன. உள்ளே பிணைப்பு உருவாவதால் ஆற்றல் லாபம். அது கட்டியின் கன அளவைப் பொறுத்தது, அதாவது ஆரத்தின் மும்மடி. புதிதாக ஒரு பரப்பு உருவாவதால் ஆற்றல் செலவு. அது ஆரத்தின் இருமடி. கட்டி மிகச் சிறியதாக இருக்கும்வரை செலவுதான் கூடுதல். அதனால் சேர்ந்த அணுக்கள் உடனே பிரிந்து கரைந்துவிடும். தற்செயலாக ஒரு கட்டி குறிப்பிட்ட ஆரத்தைத் தாண்டிவிட்டால் அதற்கு மேல் லாபம் முந்திக்கொள்ளும். இனி அது வளரத்தான் செய்யும். அந்த எல்லை ஆரத்தைத்தான் மாறுநிலை ஆரம் என்கிறார்கள். கரைசல் எவ்வளவு அதிகமாகத் தெவிட்டியிருக்கிறதோ அவ்வளவுக்கு இந்த எல்லை சிறியதாகும், தாண்டுவதும் எளிதாகும்.

தங்கத்துக்கு எண்களைப் போட்டுப் பார்த்தோம். தங்கப் படிகத்தில் ஒரு கன நானோமீட்டருக்கு 59 அணுக்கள். 1 நானோமீட்டர் விட்டமுள்ள உருண்டையில் 30 சொச்சம் அணுக்கள்தான். அதில் பெரும்பாலானவை பரப்பிலேயே நிற்கின்றன. 13 நானோமீட்டர் உருண்டை என்றால் சுமார் 68,000 அணுக்கள். பரப்பில் இருப்பது கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. முப்பது அணுக் கட்டி ஏன் தடுமாறுகிறது, அறுபத்தெட்டாயிரம் அணுக் கட்டி ஏன் நிலைத்து நிற்கிறது என்பது இந்த இரண்டு எண்களிலேயே தெரிந்துவிடும்.

இதில் இன்னொரு விஷயம். கரைசலுக்குள் ஏற்கெனவே ஒரு பரப்பு இருந்தால், அதாவது தூசி, கண்ணாடியில் கீறல், முன்பு செய்த தங்கத்தின் மிச்சம் எதுவானாலும், அதன்மேல் கரு உட்காருவது சுலபம். பரப்புக்கான செலவில் ஒரு பகுதியை அது ஏற்றுக்கொள்கிறது. அப்படிப் பிறக்கும் கருக்கள் நம் கட்டுப்பாட்டில் இல்லாத நேரத்தில், கட்டுப்பாட்டில் இல்லாத இடத்தில் பிறப்பவை. சுத்தம் சுத்தம் என்று இந்த வேலையில் எல்லாரும் உயிரை வாங்குவது இதனால்தான்.

குடுவையும் தங்கமும்

குடுவை, காந்தக் கலக்கி, அளவுக் குழாய் எல்லாவற்றையும் இராஜ திராவகத்தில் கழுவினோம். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் மூன்று பங்கு, அடர் நைட்ரிக் அமிலம் ஒரு பங்கு. அவ்வப்போது தேவையான அளவு மட்டும் ஃபியூம் ஹூடுக்குள் கலக்க வேண்டும். குளோரினும் நைட்ரோசில் குளோரைடும் வெளிவந்துகொண்டே இருக்கும் என்பதால் மூடி போட்டு வைக்கவே கூடாது, பாட்டில் வெடிக்கும். பக்கத்தில் அசிட்டோன் போன்ற கரைப்பான் எதுவும் இருக்கக் கூடாது. தடித்த கையுறை, கண்ணாடி, கோட்டு. இந்த ஒரு படியை மாணவிகளிடம் விடவில்லை, நானே செய்தேன். பிறகு அயனி நீக்கிய நீரால் பல முறை அலசினோம்.

இது எவ்வளவு முக்கியம் என்று காட்டுவதற்காகவே ஒரு குடுவையைச் சோப்புப் போட்டு மட்டும் கழுவி, மற்ற எல்லாவற்றையும் ஒரே மாதிரி வைத்துச் செய்தோம். அதிலும் சிவப்பு வந்தது. ஆனால் நீர்மட்டத்தை ஒட்டிக் கண்ணாடியில் ஊதா நிற வளையம் படிந்தது. அடிப்பக்கச் சுவரில் ஒளி படும்போது தங்கப் படலம் மினுங்கியது. கரைசலின் நிறமும் ஒரு மாற்று மங்கல். துகளாக வர வேண்டிய தங்கத்தில் ஒரு பகுதி சுவரில் போய் உட்கார்ந்துவிட்டது. அந்தக் குடுவையைச் சும்மா அலசிவிட்டு அடுத்த முறை பயன்படுத்தினால் அந்தப் படலமே புதுக் கருக்களுக்கு இடம் கொடுக்கும்.

தங்கம் குளோரோஆரிக் அமிலமாக வருகிறது. மூன்று நீர் மூலக்கூறுகள் சேர்ந்த ஆரஞ்சு மஞ்சள் படிகம். எடையில் சரிபாதி தங்கம். காற்றில் திறந்து வைத்தால் கண்முன்னே ஈரம் உறிஞ்சி நசநசவென்று ஆகிவிடும். அதனால் சிறிது சிறிதாக நிறுக்கும் வேலையே வேண்டாம். ஒரு கிராம் பாட்டிலை அப்படியே திறந்து, முழுவதையும் 100 மில்லிலிட்டர் நீரில் கரைத்துவிட்டோம். மூலக்கூறு எடை 393.8 என்பதால் இது 25.4 மில்லிமோலார் இருப்புக் கரைசல். பழுப்பு பாட்டிலில் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் நெடுநாள் தாங்கும். எவர்சில்வர் ஸ்பேச்சுலா இதைத் தொடவே கூடாது. இரும்பு தங்க அயனியை ஒடுக்கிவிடும், அதாவது எலக்ட்ரான் கொடுத்து உலோகமாக்கிவிடும், ஸ்பேச்சுலாவும் கறுக்கும். கண்ணாடி அல்லது பிளாஸ்டிக்தான். கையில் பட்டால் அன்று ஒன்றும் தெரியாது. பிறகு தோலில் ஊதாக் கறை எழும்பும். அதுவும் தங்கத் துகள்தான், தோலில் உள்ள பொருள்களே அதை ஒடுக்கிவிடுகின்றன.

கொதிக்கும் குடுவைக்குள்

இருப்புக் கரைசலில் 2 மில்லிலிட்டர், நீர் 48 மில்லிலிட்டர். ஆக 50 மில்லிலிட்டரில் 1 மில்லிமோலார் தங்கம், வெளிர் மஞ்சள். நீராவி போய் அளவு குறையாமலிருக்க ரிஃப்ளக்ஸ் கண்டென்சர் பொருத்திக் கொதிக்க வைத்தோம். இன்னொரு பக்கம் 1 சதவீத டிரைசோடியம் சிட்ரேட் கரைசல், அன்றன்றைக்குக் கரைத்தது, 5 மில்லிலிட்டர். மோல் கணக்கில் பார்த்தால் ஒரு பங்கு தங்கத்துக்கு 3.4 பங்கு சிட்ரேட்.

நன்றாகக் கொதிக்க வேண்டும், கலக்கி வேகமாகச் சுற்றி நடுவில் சுழி தெரிய வேண்டும், சிட்ரேட்டை ஒரே வீச்சில் ஊற்ற வேண்டும். மூன்றுக்கும் காரணம் ஒன்றே. சூடு இருந்தால் ஒடுக்கம் வேகமாக நடக்கும், கருக்கள் குறுகிய நேரத்துக்குள் பிறந்து முடியும். கலக்கல் சரியாக இல்லையென்றால் சிட்ரேட் விழுந்த இடத்தில் ஒரு நிலைமை, ஓரத்தில் வேறு நிலைமை. சொட்டுச் சொட்டாக விட்டால் கரு பிறக்கும் காலம் நீண்டுபோகும். இதையும் வேண்டுமென்றே ஒரு குடுவையில் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தோம். ஊதா கலந்த சிவப்பாகத்தான் நின்றது; எந்த அலைநீள ஒளியைக் கரைசல் எவ்வளவு விழுங்குகிறது என்று காட்டும் யூவி அலைமாலையில் முகடு அகலமாக, நீண்ட அலைநீளப் பக்கம் சரிந்து இருந்தது.

சரியாக ஊற்றிய குடுவையில் நடந்ததைச் சொல்கிறேன். முதலில் மஞ்சள் வெளிறத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் நிறமே இல்லாமல் வெறும் தண்ணீர்.

"மேடம், கலரே போயிடுச்சு. தங்கம் எங்க?"

"உள்ளதான் இருக்கு. இரு, பாரு."

மூன்று எலக்ட்ரான் இழந்த நிலையில் இருந்த தங்கம் ஒரு எலக்ட்ரான் மட்டும் இழந்த நிலைக்கு வந்திருக்கிறது; அதற்கு நிறமில்லை. சிட்ரேட் ஆக்சிஜனேற்றமாகி டைகார்பாக்சி அசிட்டோன் என்ற பொருளாகிறது. இந்தப் பொருளும் வினையில் கைகொடுத்து, ஒற்றை நிலைத் தங்கத்தை உலோகத் தங்கமாக மாற்றும் வழியைத் திறக்கிறது. வெளியே அமைதியாகத் தெரியும் இந்த இடைவேளையில்தான் முதல் கட்டிகள் கூடிக் கலைந்துகொண்டிருக்கின்றன.

அடுத்து ஒரு சாம்பல் நிறம் அடியிலிருந்து ஏறியது. அதில் நீலம் சேர்ந்தது. சில நொடிகளில் குடுவை முழுக்கக் கருநீலம், வெளிச்சத்தில் பிடித்தாலும் மறுபக்கம் தெரியாத அளவுக்கு. அப்புறம் அந்தக் கருநீலம் ஊதாவாக இளகி, ஊதாவிலிருந்து சிவப்பு பிரிந்து, கடைசியில் தெளிந்த மாணிக்கச் சிவப்பு. எத்தனை தடவை பார்த்தாலும் இந்த இடத்தில் கை வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டுதான் நிற்பேன்.

நடுவில் வரும் அந்தக் கருநீலம் என்ன என்பது நீண்டகாலம் பேசப்பட்ட கேள்வி. சின்னத் துகள்கள் தற்காலிகமாக ஒன்றோடொன்று ஒட்டிக் கூட்டமாகி, பிறகு சிட்ரேட் மேலே படியப் படியப் பிரிகின்றன என்பது ஒரு விளக்கம். கம்பிகள்போல நீண்டு பின்னிக்கொண்டு பிறகு அறுந்து உருண்டைகளாகின்றன என்பது இன்னொன்று. எக்ஸ் கதிர் சிதறலை வைத்து வினை நடக்கும்போதே அளந்தது பெர்லினில் போல்ட்டேயின் குழு, 2010-இல் வெளியானது. தொடக்கத்தில் பிறக்கும் கருக்கள் சீக்கிரமே ஒன்றுசேர்ந்து 2, 3 நானோமீட்டர் துகள்களாகின்றன; அதன் பிறகு எண்ணிக்கை மாறுவதில்லை; மெதுவான வளர்ச்சி, கடைசியில் வேகமான வளர்ச்சி. லாமர் வரைபடத்தை அப்படியே தங்கத்தின்மேல் ஒட்ட முடியாது என்பது இதனால் தெளிவு. கருக்கள் ஒன்றோடொன்று சேர்வதற்கு அதில் இடமில்லை. ஆனால் எண்ணிக்கை முதலிலேயே முடிவாகி, வளர்ச்சி பிறகு நடக்கிறது என்ற அடிப்படை அப்படியே நிற்கிறது.

சிவப்பு வந்ததும் நிறுத்திவிடவில்லை. மேலும் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, பிறகு கலக்கியபடியே ஆறவிட்டோம். நான்கு மடங்கு நீர்த்து யூவி-விசிபிளில் வைத்தபோது முகடு 519 நானோமீட்டர், குறுகியது, 600-க்கு மேல் ஒன்றுமில்லை. 400 நானோமீட்டரில் கிடைக்கும் அளவும் பயனுள்ளது. 0.5 மில்லிமோலார் உலோகத் தங்கம் ஒரு சென்டிமீட்டர் குவெட்டில் (அளவிடும் சின்னக் கலம்) சுமார் 1.2 ஒளி உட்கவர்வு காட்டும் என்பது ஏற்கப்பட்ட கணக்கு. நம் கரைசலில் சிட்ரேட் சேர்ந்த பிறகு தங்கம் 0.91 மில்லிமோலார், நான்கு மடங்கு நீர்த்தால் 0.55-ஐ ஒட்டி வர வேண்டும். வந்தது. போட்ட தங்கம் ஏறக்குறைய எல்லாமே உலோகமாகிவிட்டது என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

எண்ணிக்கையையும் போட்டுப் பார்த்தோம். துகள் 13 நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டு, குடுவையில் உள்ள தங்க அணுக்களை 68,000-ஆல் வகுத்தால், ஒரு மில்லிலிட்டருக்கு 8 லட்சம் கோடி துகள்கள். அத்தனையும் சில நிமிடங்களில் பிறந்தவை.

கந்தகத்துக்கு டார்ச் அடித்ததுபோல இதில் லேசர் அடித்து ஒளிப் பாதையைப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று. பச்சை லேசர் இதற்கு ஒத்துவராது. அதன் 532 நானோமீட்டர் ஒளியைத்தான் இந்தத் துகள்கள் ஆசையாக விழுங்கும். நீர்க்காத கரைசலில் ஒரு சென்டிமீட்டர் தாண்டுவதற்குள் கதிர் மங்கிவிடும். சிவப்பு லேசர் எடுத்து, கரைசலையும் நன்றாக நீர்த்து அடித்தால் பாதை தெரியும்.

சிட்ரேட்டைக் குறைத்தால்

சிட்ரேட் இங்கே மூன்று வேலை செய்கிறது. தங்கத்தை ஒடுக்குகிறது, பிறந்த துகளின் மேல் படிந்து ஒட்டாமல் காக்கிறது, கரைசலின் அமிலத்தன்மையையும் நிர்ணயிக்கிறது. 1973-இல் ஃப்ரென்ஸ் தங்கத்தை அப்படியே வைத்துச் சிட்ரேட் அளவை மட்டும் மாற்றி 16 முதல் 147 நானோமீட்டர்வரை துகள்கள் செய்து காட்டினார். சிட்ரேட் குறையக் குறையத் துகள் பெரிதாகிறது. நாங்களும் பாதியாகக் குறைத்துப் பார்த்தோம். சிவப்பில் ஊதா ஏறியது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சிவப்பாகவும், கறுப்புப் பின்னணியில் மேலிருந்து பார்த்தால் மண் நிறக் கலங்கலாகவும் தெரிந்தது. பெரிய துகள் ஒளியைச் சிதறடிக்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அந்தக் கலங்கல்தான் அடையாளம்.

ஆனால் பெரிய துகள் வேண்டுமென்றால் இந்த வழியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். 50 நானோமீட்டரைத் தாண்டினால் உருண்டை நீள்வட்டமாகிறது, அளவும் பரவிவிடுகிறது. பிறப்பையும் வளர்ச்சியையும் ஒரே குடுவையில், ஒரே ஊற்றலில் நடத்திக்கொண்டு அளவை மட்டும் நம் இஷ்டத்துக்கு இழுப்பது கஷ்டம். இரண்டையும் தனித்தனியாகப் பிரிப்பதுதான் சரி.

விதையிட்டு வளர்த்தல்

இதற்கு ஸ்பெயினில் புந்தெஸ் குழு 2011-இல் வெளியிட்ட முறையைப் பின்பற்றினோம். எனக்கு இந்த வேலை முழுவதிலும் மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஊற்றும் வரிசை இங்கே தலைகீழ்: 2.2 மில்லிமோலார் சிட்ரேட் 150 மில்லிலிட்டரைக் கொதிக்க வைத்து, அதில் 25 மில்லிமோலார் தங்கக் கரைசலை 1 மில்லிலிட்டர் செலுத்த வேண்டும். நம் இருப்புக் கரைசல் அப்படியே பொருந்திவிட்டது. சிட்ரேட் மிக அதிகமாக இருப்பதால் சுமார் 10 நானோமீட்டர் விதைகள் கிடைக்கும், மெல்லிய இளஞ்சிவப்பு.

அடுத்த படியில்தான் சூட்சுமம். குடுவையைக் கொதிநிலையிலிருந்து 90 டிகிரிக்கு இறக்கிவிட வேண்டும். இறங்கும்வரை பொறுமையாக இருக்க வேண்டும், அவசரப்பட்டுத் தங்கத்தைச் செலுத்தக் கூடாது. 90 டிகிரியில் ஒடுக்கம் மெதுவாக நடக்கும். அந்த வேகத்தில் விடுபடும் தங்க அணுக்களை ஏற்கெனவே இருக்கும் விதைகளே இழுத்துக்கொள்ளும். புதுக் கரு பிறக்கும் வரம்பைச் செறிவு தொடாது. இன்னொரு 1 மில்லிலிட்டர், அரை மணி நேரம். மறுபடி 1 மில்லிலிட்டர், அரை மணி நேரம். எண்ணிக்கை மாறாமல் தங்கம் மட்டும் மூன்று மடங்கானால் விட்டம் மூன்றின் கனமூலம், அதாவது 1.44 மடங்கு. 10 நானோமீட்டர் 14-ஐத் தாண்டும். இதற்கு மேல் அதே குடுவையில் தங்கம் ஊற்றிக்கொண்டே போனால் கட்டுப்படி ஆகாது. விட்டத்தை இருமடங்காக்க விதையில் இருப்பதைப்போல ஏழு மடங்கு தங்கம் புதிதாக வேண்டும். அதனால் ஒரு சுற்று முடிந்ததும் 55 மில்லிலிட்டரை வெளியே எடுத்துவிட்டு, 53 மில்லிலிட்டர் நீரும் 60 மில்லிமோலார் சிட்ரேட் 2 மில்லிலிட்டரும் சேர்த்து, மீதி இருப்பதையே அடுத்த சுற்றுக்கு விதையாக்க வேண்டும்.

சுற்றுக்குச் சுற்று எடுத்து வைத்த மாதிரிகளை வரிசையாக நிறுத்தினோம். இளஞ்சிவப்பில் தொடங்கி அடர்ந்த சிவப்பு, பிறகு ஊதா லேசாக எட்டிப்பார்க்கும் சிவப்பு. அலைமாலையில் முகடு ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நீண்ட அலைநீளம் நோக்கி நகர்ந்தது, ஆனால் அகலவில்லை. புதுக் கரு ஏதாவது பிறந்திருந்தால் 520 பக்கம் ஒரு தோள் எழும்பியிருக்கும். எழும்பவில்லை. வெளியே ஓரிடத்தில் எடுத்த எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படமும் அதையே காட்டியது. பல துகள்களில் ஒரு மையத்திலிருந்து கோடுகள் பிரிந்தன; பல படிகத் துண்டுகள் சேர்ந்த இரட்டைப் படிக அமைப்பு அது, தங்கத்துக்கு வழக்கமானது. உருண்டை என்று நாம் சொல்வது வெளித்தோற்றத்தை வைத்துத்தான், உள்ளே ஒவ்வொரு துண்டும் அணுக்கள் வரிசை பிசகாமல் அடுக்கப்பட்ட படிகம்.

சரி, இவ்வளவு சிரமப்பட்டு ஒரே அளவில் வளர்த்தவை காலப்போக்கில் அப்படியே இருக்குமா? சின்னத் துகளின் பரப்பு வளைவு அதிகம் என்பதால் அதன் அணுக்கள் சுலபமாகக் கரையும். கரைந்தவை பெரிய துகளில் போய்ப் படியும். பெரியது பெருக்கும், சிறியது மறையும். ஆஸ்ட்வால்ட் 1900-இல் விளக்கியது இதைத்தான். புகைப்படச் சுருளுக்கான வெள்ளி புரோமைடைப் பக்குவப்படுத்தும்போது வேண்டுமென்றே செய்ததும் இதுவே. குவாண்டம் புள்ளிகளின் (அளவைப் பொறுத்து நிறம் மாறும் குறைக்கடத்தி நானோ துகள்கள்) கதையிலும் இது வருகிறது. 1980-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் லூயிஸ் புரூஸ் காட்மியம் சல்பைடு துகள் கரைசலை மேசையில் விட்டுவைத்துப் பிறகு அளந்தபோது அதன் ஒளியியல் பண்பு மாறியிருந்தது, துகள்கள் வளர்ந்திருந்தன. அதைப் பின்தொடர்ந்து போனவருக்கு 2023-இல் பவேண்டி, எக்கிமோவ் இருவருடன் வேதியியல் நோபல் கிடைத்தது. நம் தங்கத்துக்கு அந்தப் பயம் அநேகமாக இல்லை. சிட்ரேட் கரைசலில், அறை வெப்பநிலையில் தங்கம் கரைவதே இல்லை என்று சொல்லிவிடலாம். அதற்கு வரும் ஆபத்து வேறு: ஒட்டிக்கொள்வது.

உப்பு

ஒரு சோதனைக் குழாயில் 1 மில்லிலிட்டர் தங்கக் கரைசல், அதில் 1 மோலார் சாதாரண உப்புக் கரைசல் சில சொட்டுகள். கண் இமைக்கும் நேரத்தில் சிவப்பு நீலமாகிவிடும். பக்கத்துக் குழாயில் சர்க்கரைக் கரைசல் எவ்வளவு விட்டாலும் சிவப்பு சிவப்பாகவே இருக்கும். சிட்ரேட் துகளுக்கு எதிர்மின்சுமை தருகிறது. துகள்கள் ஒன்றையொன்று தள்ளி நிற்பதால்தான் கரைசல் நிலைத்து நிற்கிறது. உப்பின் அயனிகள் அந்தத் தள்ளுதலை மறைத்துவிட்டால் துகள்கள் நெருங்கி ஒட்டும். ஒட்டியதும் நிறம் மாறும். சர்க்கரைக்கு மின்சுமை இல்லை. ஃபாரடே 1857-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில், கார்பன் டைசல்பைடில் கரைத்த பாஸ்பரஸால் தங்கத்தை ஒடுக்கிச் சிவப்புக் கரைசல் செய்தபோதே, உப்புப் பட்டால் நீலமாவதைக் குறித்து வைத்தார். அவர் செய்த கரைசல் பாட்டில்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் தெரியும் சிவப்புக் கோடும் பெரும்பாலும் இதே தங்கம்தான், சுமார் 40 நானோமீட்டர் அளவில்.

அதனால் பாட்டில் கழுவும் குழாய்த் தண்ணீர்கூட இந்தக் கரைசலுக்கு ஆகாது. அதில் உள்ள உப்பே போதும். பழுப்புக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றிக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறோம். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. பனி உறையும்போது துகள்கள் நெருக்கப்பட்டு ஒட்டிவிடும், உருகினாலும் பிரியாது. வெளியே வைத்தால் சில மாதங்களில் சிட்ரேட்டைத் தின்று பூஞ்சை வளரும். பாட்டிலின் அடியில் பஞ்சு பஞ்சாக, சில நேரம் ஊதா படிந்த நூல்களாக மிதப்பது அதுதான்.

கழிவு எதையும் சிங்கில் ஊற்றவில்லை. உப்புச் சோதனை முடிந்தவை, அகலமான முகடு வந்தவை எல்லாம் ஒரே கேனில் சேர்கின்றன. கூட உப்பு இருப்பதால் தங்கம் தானாகவே கறுப்பாக அடியில் படிந்துவிடும். மேல் நீரை வடித்துவிட்டு அந்தப் படிவைச் சேர்த்து வைக்கிறோம். போதுமான அளவு சேர்ந்ததும் இராஜ திராவகத்தில் கரைத்து, நைட்ரிக் அமிலத்தை ஓட்டி, மறுபடி இருப்புக் கரைசலாக்கலாம். கழுவிய இராஜ திராவகத்திலும் தங்கம் இருக்கும் என்பதால், ஹூடுக்குள் வாயு அடங்கும்வரை திறந்தே ஆறவிட்டு, அதையும் தனியாக எடுத்து வைக்க வேண்டும்.